மாதா நின்ற சுவரும் புது ஃபேர்னசும்

இனிமேல் வீட்டைச் சூடாக்குகிற காஸ் ஃபேர்னஸ் போடவே விடமாட்டார்களாம். இருக்கிறது பழுதானால் பழுதானதுதானாம். கோடைக்குள் வீடு வீடாக ஆள் வந்து பார்த்து, பழசு வைத்திருக்கிற ஆட்களின் இன்சூரன்சை வெட்டிவிடுவார்களாம். சொன்னது, கோயிலில் பழக்கமான ஸ்டெபனி வேலை செய்கிற பல் டொக்டரின் மச்சான். ஸ்டெபனி அதை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டு நின்ற இடத்தில் மக்டலீன் அக்காவுக்குச் சொன்னாள். மக்டலீன் அக்கா வீட்டுக்கு வந்து, காரை விட்டு இறங்கமுன்னமே எனக்குச் சொன்னா. நான் பக்கத்து வீடு. எங்கள் இரண்டு வீட்டு டிரைவேக்கும் நடுவில் ஒரு முழப் புல்லுத்தான், அதுவும் அன்றைக்குப் பனிக்குக் கீழே.

"பல்லு டொக்டர்ட மச்சானுக்கு எப்பிடி அக்கா ஃபேர்னஸ் சட்டம் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும் தம்பி. பல்லுக் காட்ட வந்த பெரிய ஆள் ஆரும் சொல்லியிருக்கும். வாயைத் திறந்துகொண்டுதானே கிடக்கிறாங்கள்."

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் தேவையில்லை. அன்று மத்தியானமே மாநகராட்சியின் இணையப் பக்கம், மாகாண அரசின் பக்கம் எல்லாவற்றையும் இங்கிலிசில் வாசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு சட்டமும் எங்கும் இல்லை. போய் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப, அப்பிடி இல்லையெண்டு எழுதிக் கிடக்கோ?"

"இல்லையெண்டும் எழுதேல்லை அக்கா."

"பாத்தியே?" என்றா, தான் வென்றுவிட்ட மாதிரி.

மக்டலீன் அக்காவுக்கு அறுபத்து நாலு வயது. மன்னார்ப் பக்கம் பேசாலை. ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இந்த ஒழுங்கை புதிதாகக் கட்டப்பட்டபோது, வாசலில் புல்லுக்கூட முளைக்காத காலத்தில், கணவர் மரியரட்ணம் அண்ணையோடு வந்து குடியேறினவ. அண்ணை காலமாகி ஆறு வருசம். அக்கா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறா. விடியவே எழும்பி, தடித்த ஜக்கெற்றுக்கு மேலே ஒளிருகிற மஞ்சள் சட்டையைப் போட்டு, யார்ட்டுக்குப் போய், பஸ்சைச் சுற்றி நடந்து ரயருக்கு ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் ஏறுவா. அந்த பஸ்சில் தோல் உரிக்காத தோடம்பழமும் கொண்டுபோக முடியாது என்று எங்கள் தெருப் பிள்ளைகள் சொல்லுவார்கள். "மணந்தால் ஒராள் சத்தி எடுக்கும், ஒராள் எடுத்தால் எல்லாம் எடுக்குங்கள்" என்பது அக்காவின் நியாயம்.

வீட்டில் முடிவு எடுத்தது எல்லாம் அண்ணைதான். எந்தச் சோபா, எந்தக் கார், எந்த ரெலிபோன் கொம்பனி, எல்லாம். ஃபேர்னசை மட்டும் அவரும் தெரிவு செய்யவில்லை. அது வீட்டோடு வந்தது. பேஸ்மென்ற்றில் மரக் கதவுக்குப் பின்னால் நின்று இருபத்துச் சொச்சம் வருசம் ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு குளிர்காலமாக அது சரியில்லை. ஊதும், நிற்கும், கொஞ்சம் யோசிக்கும், திரும்ப ஊதும். அக்கா மேல் மாடியில் பிள்ளைகளின் வெறும் அறைகளுக்குச் சூட்டுக் காற்று விடுகிற வென்ற்றுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவைத்தா, சூடு வீணாகப் போகக்கூடாதென்று. அதற்குப் பிறகு அது இன்னும் அடிக்கடி யோசித்தது.

அந்த ஞாயிறு பின்னேரம் மகன் மரியோ பிக்கரிங்கிலிருந்து வந்திருந்தான். நானும் தேத்தண்ணிக்கு அங்கே இருந்தேன். வதந்தி அவனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அவனிடம் போகும்போது அது வேறு வேலைக்குப் பயன்பட்டது.

"அப்ப நல்லதாப் போச்சு, அம்மா. மாத்தவே வேண்டாம். நான் எத்தினை நாளாச் சொல்லுறன், வித்திட்டு எங்களோட வாங்கோ எண்டு. பேஸ்மென்ற் முழுக்க உங்களுக்குத்தான். வோக்-அவுட், நேரே வெளியிலை நடந்து போகலாம். ஜன்னலெல்லாம் இருக்கு."

"பேஸ்மென்ற்றிலை ஜன்னல் இருக்கெண்டு சொல்லுறதுதான் பேஸ்மென்ற்றிலை இருக்கிற ஆக்களின்ர ஆறுதல்," என்றா அக்கா.

"அம்மா, சீரியஸ்லி. சனிக்கிழமை வீடு விக்கிற ஏஜென்ற் வந்து சும்மா பாத்திட்டுப் போவார். ஜஸ்ற் லுக்கிங். இவ்வளவு பெரிய வீட்டுக்குப் புது ஃபேர்னஸ் போட்டால், வாங்கப்போறவனுக்குத்தான் லாபம்."

"ஆரடா வாங்கப்போறது?"

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோவன்," என்று என்னைப் பார்த்தான். நான் பிஸ்கற்றைப் பார்த்தேன்.

அக்கா அவசரப்படவில்லை. வழக்கமாகச் சொல்லுகிறதையே சொன்னா. "மாதாவை என்ன செய்யிறது? அது உன்ர கொப்பர் வைச்ச இடம். ஃபாதர் வந்து ஆசீர்வதிச்ச இடம். மாதாவை அசைக்கேலாது. அவ நிக்கிற மட்டும் நானும் இங்கைதான்."

முன்னறையில் சோபாவுக்கு எதிர்ச் சுவரில் மாதாவின் பீடம். மார்க்கம் றோட்டில் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்த தேக்கு நிறப் பெட்டி, தரையிலிருந்து நெஞ்சு உயரம், அதன்மேல் மாதா. சுற்றி நீலமும் வெள்ளையுமாகச் சின்ன பல்புகள். ஒக்டோபரில் செபமாலைக்கு நாற்பது பேர் அந்த அறையில் இருப்பார்கள். நான் சைவம், எனக்கும் ஒரு மூலையில் நாற்காலி உண்டு, கடைசியில் கடலையும் உண்டு. மரியோவுக்குப் பதில் இல்லாத ஒரே இடம் அந்தப் பீடம்தான். அவன் ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரை வருவான், பிறகு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவான். அன்றைக்கும் அப்படித்தான் போனான். ஆனால் சனிக்கிழமை ஏஜென்ற் வருவதை நிற்பாட்டிவிட்டுப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய அக்கா என் கதவைத் தட்டினா. மஞ்சள் சட்டை, தொப்பி, கையுறை.

"பஸ்சுக்கோ அக்கா?"

"இல்லை. வீட்டுக்குள்ளை போட்டது. ஃபேர்னஸ் யோசிக்கிறதையும் விட்டிட்டுது."

வெளியில் மைனஸ் இருபதுக்குக் கிட்ட. எனக்குத் தண்ணீர்க் குழாய் வெடிக்கிறது, கூரை இடிகிறது எல்லாம் கண்ணுக்குள் வந்துபோயின. அக்கா பதிலாளை ஒழுங்கு செய்துவிட்டு அன்றைக்கு லீவு போட்டா. நான் ரெக்னீசியனைக் கூப்பிட்டேன். வந்தது ஒரு தமிழ்ப் பெட்டை. பெயர் நிலக்சி. இருபத்தெட்டு, முப்பது இருக்கும். கருவிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சப்பாத்துக்கு மேலே நீல உறை மாட்டினாள்.

"ஃபேர்னஸ் எங்க அன்ரி?"

"நீர்தானோ பிள்ளை? பின்னாலை ஆள் வருதோ?"

"நான்தான் ஆள் அன்ரி. பின்னால வான் மட்டும்தான்."

அக்கா சிரித்துவிட்டா. "குறை நினையாதையும். நான் முதல் நாள் பஸ் கொண்டுபோகேக்கையும் ஒரு தாய் இதைத்தான் கேட்டவ."

நிலக்சி ஒரு சின்னக் கமெராவை ஃபேர்னசுக்குள் விட்டு, அதன் திரையை எங்களுக்குக் காட்டினாள். உள்ளே நெருப்புப் புகையையும் வீட்டுக்குள் வருகிற காற்றையும் பிரித்து வைக்கிற இரும்புத் தகடு. அதில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு, வளைந்து வளைந்து போனது.

"க்ராக் ஆகியிருக்கு. திருப்பிப் போட்டுவிட எனக்கு அனுமதி இல்லை. காபன் மொனொக்சைட் வீட்டுக்குள்ள வரும்." காஸ் வால்வைப் பூட்டி, ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினாள். "மற்ற ஆக்களிட்டயும் விலை கேளுங்கோ அன்ரி. நாளைக்கு நான் வந்து வீட்டை அளந்து என்ர விலையையும் சொல்லுறன். ஓகே?"

"புதுசு போடலாமோ பிள்ளை? சட்டமாமே?"

"என்ன சட்டம்?"

அக்கா ஸ்டெபனியையும் பல் டொக்டரையும் மச்சானையும் சொல்லி முடித்தா. நிலக்சி என்னைப் பார்த்தாள். "நான் போன கிழமையும் நாலு போட்டனான் அன்ரி. ஒருத்தரையும் இன்னும் பொலிஸ் பிடிக்கேல்ல."

மரியோ போன் எடுத்தான். கதவைப் பூட்டிவிட்டு உடனே தன் வீட்டுக்கு வரச் சொன்னான். வசந்தம் வரைக்கும் மட்டும், பிறகு பார்க்கலாம். அக்கா, "பாப்பம் ராசா" என்று வைத்துவிட்டு என்னிடம் திரும்பினா.

"வசந்தம் வரைக்கும் எண்டு போனால் ஏஜென்ற்றுக்குத் திறப்பு ஆர் குடுக்கிறது? அவன்தான் குடுப்பான். நான் திரும்பி வர வாசலிலை 'விற்பனைக்கு' எண்டு போர்ட் நிக்கும்."

என்னிடம் இருந்த இரண்டு மின்சார ஹீற்றர்களையும் கொண்டுபோய் வைத்தேன். காபன் மொனொக்சைட் அலாரமும் புதிதாக இரண்டு வாங்கி மாட்டினேன். காஸ் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு அது எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. என்னை அவவுக்குத் தெரியும்.

முதலில் வந்த ஆள் பெரிய கொம்பனி, கோட்டும் ராப்லெற்றும். வாங்க வேண்டாம், மாத வாடகைக்கு எடுங்கள் என்றார். எல்லாம் நாங்கள் பார்ப்போம், நீங்கள் ஒரு கையெழுத்து மட்டும். பழுதில்லாமல் எத்தனை வருசம் ஓடும் என்று அக்கா கேட்டா. அவர் அக்காவின் நரைத்த தலைமயிரைப் பார்த்து, கனிவாக, "உங்களுக்குப் பத்து வருசம் போதும்தானே மேடம்" என்றார்.

அக்கா அவரைக் கதவு வரை கொண்டுபோய் விட்டா. "பத்து வருசமாம். எனக்கு லைசன்சே அதுக்கு மேலை ஓடும்."

அடுத்தது இக்னேசியஸ். அதே பங்கு, அதே கோயில், பாடகர் குழுவில் பெரிய குரல். "எங்கட ஆள்" என்று எல்லோரும் முதலில் கூப்பிடுகிற ஆள். ரொறன்ரோவில் எங்கள் சனம் வீட்டுக்கு எதை வாங்கினாலும் முதல் கேள்வி, தெரிஞ்ச ஆள் ஆரும் இருக்கோ என்பதுதான். தெரிந்த ஆளிடம் வாங்கினால் பிறகு பூசையில் பிடிக்கலாம். அவர் பேஸ்மென்ற்றுக்குப் போனார், வந்தார். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூடப் போகவில்லை.

"அக்கா, பழசு என்ன சைசோ, அதைவிட ஒண்டு பெரிசாப் போடுவம். பெரிசெண்டால் பெரிசுதான். வீடு சும்மா கொதிக்கும்."

"அப்ப இது ஏன் தம்பி செத்தது?"

"வயசு போனால் எல்லாம் சாகும்தானே அக்கா," என்றவர், உடனே மாதாவைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை நிலக்சி வந்தாள். அவள் பேஸ்மென்ற்றுக்குப் போகவில்லை. மேலே தொடங்கினாள். ஜன்னல்களை அளந்தாள், சாத்தியிருந்த வென்ற்றுகளை எல்லாம் திறந்தாள். சுவரில் இருந்த சுவிச்சால் ஃபேர்னசின் விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஒரு ரிஷ்யூத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள்.

"என்ன பிள்ளை, கண்ணீர் துடைக்கவோ?"

"காத்து எங்கால வருது, எங்கால போகுது எண்டு பாக்கிறன் அன்ரி. ஃபேர்னஸ் ஊதுறதுக்கு முதல் வீட்டுக் காத்தை உள்ள இழுக்க வேணும். அதுக்கு மேல் மாடியில சின்னக் கம்பிக் கிறில்தான் இருக்கு. கீழ ஒரு பெரிய கிறில் இருக்கவேணுமே, சுவரில? எங்க அது?"

அக்காவுக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்றைக் கண்டதாக அவவுக்கு ஞாபகமே இல்லை. நிலக்சி சுவர்களைத் தட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது எனக்குப் பொறி தட்டியது. எங்கள் இரண்டு வீடும் ஒரே பிளான், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறினது. என் வீட்டில் பெரிய கிறில் இருக்கிற சுவர் எதுவென்று யோசித்தேன். யோசித்துவிட்டு, சொல்லாமல் நின்றேன்.

"என்ன தம்பி? முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"அக்கா, என்ர வீட்டிலை அது, இங்கை மாதா நிக்கிற இடம்."

பிறகு நிலக்சி செய்த காரியத்தை நான் மறக்கவில்லை. சப்பாத்துக்கு மேலே உறை இருந்ததே போதும், அவள் சப்பாத்தையே கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தாள். "நான் சைவம் அன்ரி. தொடலாமோ?"

"நீர் பிடியும். மாதாவை நான் தூக்குறன்."

அக்கா சிலையைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றா. நானும் நிலக்சியும் பெட்டியை இழுத்தோம். அது சுவரைவிட்டு வர மனமில்லாமல் வந்தது. பின்னால் ஒரு கதவளவு அகலத்துக்கு இரும்புக் கிறில், தூசியால் கம்பளி போட்டது போல. அதில் ஒட்டிக்கொண்டு குருத்தோலைச் சிலுவைகள். ஒவ்வொரு குருத்து ஞாயிறும் கொண்டுவந்து மாதாவுக்குப் பின்னால் செருகிவைத்தவை. காய்ந்து, மெலிந்து, பின்னால் விழுந்து, நிலத்தில் கிடக்காமல் அந்தக் கிறிலிலேயே பிடித்துக்கொண்டு நின்றன. இத்தனை வருசமும் ஃபேர்னஸ் அவற்றைத்தான் இழுத்துப் பார்த்திருக்கிறது.

"இதுதான் அன்ரி. காத்து இல்லாமல் உள்ள சூடு கூடிக் கூடித்தான் தகடு வெடிச்சது. வென்ற்றுகளையும் நீங்கள் சாத்தினதோட..." அவள் நிறுத்தினாள். "பெரிசு போட்டால் இன்னும் கெதியாப் போகும். நான் இதைவிடச் சின்னது போடுவன். ஆனா ஒண்டு. எந்த ஃபேர்னஸ் வாங்கினாலும், மாதா இதில நிண்டால் அதுவும் இதே மாதிரித்தான்."

"கொஞ்சம் முன்னுக்கு இழுத்து வைச்சால்?" என்று நான் கேட்டேன். சமாதானம் பேசுவது என் பழக்கம்.

"குசினிக்குப் போற வழி அடைபடும் அண்ணா. அடுத்த செபத்துக்கு ஆரோ ஒருத்தர் இடம் காணாதெண்டு திருப்பித் தள்ளுவினம்."

அக்கா சிலையோடு சோபாவில் இருந்தா. மடியில் மாதா, சுவரில் ஓட்டை.

"என்ர மனிசன் உந்தக் கிறிலைப் பாத்து, வீட்டுக்குள்ளை கோழிக்கூட்டுக் கதவு மாதிரி இருக்கெண்டு சொன்னது இப்ப ஞாபகம் வருது. அதை மறைக்கத்தான் இங்கை வைச்சது. நான் பெரிய விசயமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்." கொஞ்சம் சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை. "மரியோ என்ன சொல்லுவான் தெரியுமே தம்பி? மாதா அசையலாமெண்டால் நீங்களும் அசையலாம்தானே அம்மா எண்டுவான்."

அதுதான் விசயம். மாதாவை அசைக்காமல் விட்டால் இந்த வீட்டில் சூடு இல்லை. அசைத்தால், மகனுக்குச் சொல்ல அக்கா வைத்திருந்த ஒரே பதிலும் இல்லை. ஏஜென்ற் வர இன்னும் மூன்று நாள்.

நிலக்சி மெல்ல, "நான் வானில இருக்கிறன் அன்ரி, யோசிச்சிட்டுக் கூப்பிடுங்கோ" என்றாள். அக்கா அவளைப் போக விடவில்லை.

"இரும் பிள்ளை. யோசிக்க என்ன இருக்கு. சண்டைக்காலத்திலை மடுக் கோயில் வளவிலை ஊரோட ஊராப் படுத்தனாங்கள். பிறகு கொழும்பிலை ஒரு லொட்ஜ். பிறகு இங்கை அவற்ற தமையன்ர பேஸ்மென்ற். எல்லா இடத்திலையும் ஆரோ ஒராள் கதவு திறந்துவிட்டவை. இங்கைதான் நானே திறக்கிறன். விடிய வெளிக்கிட்டு, கதவைப் பூட்டி, திறப்பைப் பையிலை போடேக்கை ஒரு சந்தோசம். ஒவ்வொரு நாளும். சொன்னால் சிரிப்பியள்."

நாங்கள் சிரிக்கவில்லை.

"அது மாதாவுக்காக இல்லை. எனக்கு விருப்பம். அதை அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, மாதாவைத்தான் முன்னுக்கு விட்டனான்." எழும்பினா. "சின்னதையே போடும். எவ்வளவு காலம் ஓடும்?"

"பாத்துப் பாவிச்சால் இருவது வருசம் அன்ரி."

"காணும்."

இக்னேசியசுக்கு அவவே போன் எடுத்தா. "குறை நினையாதை தம்பி. ஓம், சின்னதுதான். விறைச்சால் உன்ர வீட்டை வாறன்." அந்தப் பக்கம் அவர் பாடகர் குழுக் குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றா.

வியாழக்கிழமை நிலக்சியும் இன்னொருவரும் வந்து பழையதைத் துண்டு துண்டாக மேலே ஏற்றினார்கள். நான் கிறிலைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்தேன். அக்கா குருத்தோலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டா, விபூதிப் புதனுக்குக் கோயிலில் எரிக்கக் கொடுக்க. பீடத்துக்குச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து மூலையை நிலக்சி பார்த்துச் சொன்னாள். அங்கே வென்ற்றும் இல்லை, கிறிலும் இல்லை. அங்கிருந்து மாதாவுக்கு வாசல் கதவு நேரே தெரியும்.

"நல்லது. இனி ஆர் வருகினம், ஆர் போயினம் எண்டு பாத்துக்கொண்டிருப்பா," என்றா அக்கா. ஃபாதரை வந்து ஆசீர்வதிக்கச் சொல்லவேண்டும். அவர் ஃபெப்ரவரியில்தான் வருவாராம். மாதா அதுவரை பொறுப்பா.

பின்னேரம் புதுசு ஓடத் தொடங்கியது. எங்களுக்குத் தெரியவில்லை.

"போட்டாச்சோ பிள்ளை?"

"ஓடுது அன்ரி. பத்து நிமிசமா."

அக்கா நம்பவில்லை. மேல் மாடிக்கு ஏறிப் போய், மரியோவின் பழைய அறை வென்ற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மேலே இருந்தே கத்தினா: "ஓமடி பிள்ளை, சுடுகுது!"

நிலக்சி போனபின் வீடு மெல்ல மெல்லச் சூடானது. அக்கா முதலில் கையுறையைக் கழற்றினா, பிறகு தொப்பி, பிறகு மஞ்சள் சட்டை. நான் என் ஹீற்றர்களைக் கையில் தூக்கிக்கொண்டு போக ஆயத்தமானேன்.

"இருந்திட்டுப் போ தம்பி. அவனுக்கு எடுக்கப் போறன். ஏஜென்ற் வர வேண்டாமெண்டு சொல்ல வேணும்."

"நான் இல்லாமல் பேசுங்கோவன் அக்கா."

"நீ நிண்டால்தான் திரும்ப மாதாவைக் கூப்பிடமாட்டன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தா. எடுக்கமுன்னம் ஒருமுறை சொல்லிப் பார்த்தா: "மரியோ, அம்மாவுக்கு இங்கை இருக்க விருப்பம்." குரல் சரியாக வரவில்லை. இன்னொருமுறை சொல்லிப் பார்த்தா. "அவ்வளவுதானே. அதுக்கு மேலை ஒண்டும் சொல்லத் தேவையில்லை, என்ன?"

"தேவையில்லை அக்கா."

அவனுடைய பெயரை அழுத்தினா. அழுத்திவிட்டு எழும்பிப்போய், மாதா நின்ற வெறும் சுவருக்குக் கிட்ட நின்றா. கிறில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் பாவாடை விளிம்பு அந்தப் பக்கம் மெல்லச் சாய்ந்து, விட்டு, திரும்பச் சாய்ந்தது. மேசையில் போன் ஒருமுறை அடித்தது. இரண்டாம் முறையும் அடித்தது. அக்கா போனையே பார்த்துக்கொண்டு நின்றா. அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.